பட்டனை அமத்திப்போட்டுக் கசற்றை எறிகிறவர்களுக்கு

ஒவ்வொரு வருசமும் மே மாதக் கடைசியில் எங்கட சனம் யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி எழுதும். 1981, ஏறத்தாழ 97,000 புத்தகங்கள், ஏட்டுச் சுவடிகள், சாம்பல். எழுதவேண்டியதுதான். நானும் தவறாமல் வாசிக்கிறேன். ஆனால் அதே சனம் ஜூன் மாதம் வீடு துப்புரவாக்கும்போது ஒரு பெட்டி வீடியோக் கசற்றைத் தூக்கிக் குப்பைக்குள் போடுகிறது. கேட்டால், "அது எல்லாம் கொம்பியூட்டரில ஏத்தியாச்சு அண்ணை" என்று பதில் வரும். ஏற்றியதை ஒருக்கால் போட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அப்போதுதான் என்ன ஏறியிருக்கிறது என்று விளங்கும்.

நான் பார்த்த மட்டில் ஏறியிருப்பது இதுதான். 4:3 அளவில் எடுத்த படம் 16:9 ரீவீக்கு இழுபட்டு, மாப்பிள்ளையும் பொம்பிளையும் இரண்டு பக்கமும் வீங்கி நிற்பார்கள். யாராவது கையை அசைத்தால் விளிம்பெல்லாம் சீப்புப் பல்லு. ஐயர் மந்திரம் சொல்லுகிற சத்தம் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி. இலவசமாய் இறக்கிய ஏதோ ஒரு மென்பொருளின் பெயர் படம் முடியுமட்டும் குறுக்கே கிடக்கும். தாலி கட்டுகிற இடத்திலும் கிடக்கும்.

"கலியாண வீடியோ தானே, இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று கேட்பீர்கள். வன்னியில் இருந்த எத்தனை குடும்பத்துக்கு 2009 க்குப் பிறகு வீட்டில் ஒரு படமாவது மிஞ்சியது? அல்பம் பங்கருக்குள் போனது, ரோட்டில் போனது, முகாம் வாசலில் போனது. மிஞ்சியது எதுவென்றால் வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பாவுக்கும் மாமிக்கும் எப்போதோ அனுப்பிவைத்த கொப்பி. அந்தக் கொப்பியில் பந்தலுக்குள் நின்று சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு இல்லை என்று அந்தச் சித்தப்பாவைக் கேளுங்கள். அதைத்தான் நாங்கள் இரண்டு கிளிக்கில் நசுக்கிவிட்டு மூலத்தை எறிகிறோம். நூலகத்தை எரித்தவன் யாரென்று எங்களுக்குத் தெரியும். இதைச் செய்கிறது யார்?

மாற்றத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. நாடா பழசாகிறது. வீடியோ டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கொம்பனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. வீட்டில் எரித்து வைத்த டிவிடிகளும் ஒவ்வொன்றாய் வாசிபடாமல் போகின்றன. என்னுடைய சண்டை மாற்றுவதோடு இல்லை. என்ன நடக்கிறது என்று தெரியாமல், தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லாமல் மாற்றுகிறோமே, அதோடுதான்.

பட்டனை அமத்தினால் என்ன நடக்கிறது? படத்தின் அகலம், தரம், சத்தம், ஒரு செக்கனுக்கு எத்தனை பிரேம் என்று எல்லாவற்றையும் எங்கேயோ இருக்கிற ஒருவன் முதலே முடிவுசெய்து வைத்திருக்கிறான். அவனுக்கு எங்கட கசற்றைத் தெரியாது. கிளிநொச்சியில் 1998 இல் எடுத்த கசற்றும் நேற்று ஐபோனில் எடுத்த பூனைக்குட்டியும் அவனுக்கு ஒன்றுதான்.

இதற்கு மாற்று இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக். 2000 ஆம் ஆண்டில் ஃபப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. இலவசம், திறந்த மூலம். நீங்கள் படம் பார்க்கிற வீஎல்சிக்குள்ளும் அதன் பாகங்கள்தான் ஓடுகின்றன. காசுக்கு விற்கிற எத்தனையோ கன்வேர்ட்டர்களின் வயிற்றுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. மேலே ஒரு வர்ணப் பெட்டியைப் போர்த்து, பட்டன் வைத்து, எங்களுக்கே விற்கிறார்கள். போர்வையை எடுத்தால் ஒரு கறுப்புத் திரை. அதில் கட்டளையை எழுதவேண்டும். அங்கேதான் எங்கட ஆட்கள் பின்வாங்குகிறார்கள். "ஐயோ, அது படிச்ச ஆக்களின்ர வேலை."

இதைச் சொல்லுகிற நான் எஞ்சினியர் இல்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானபீடம். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடு என் படிப்பும் பூட்டுப்பட்டது. பரிசில் கோப்பை கழுவத் தொடங்கி இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். குசினியில் வேலை செய்கிற எவனுக்கும் இந்தக் கட்டளை வரி விளங்கும், ஏனென்றால் அது ஒரு ஓடர் துண்டு. மேசை 7, ஒரு ஸ்டேக், உப்பில்லாமல், சோஸ் வேறாக. எந்தச் சாப்பாட்டுக்குக் கீழே "உப்பில்லாமல்" என்று எழுதியிருக்கோ அதற்குத்தான் உப்பில்லை. எஃப்எஃப்எம்பெக்கும் அப்படியே. ஒரு தெரிவு தனக்குப் பிறகு வருகிற கோப்பைத்தான் பிடிக்கும். உள்ளே போகிற கோப்புக்கு முன்னால் எழுதினால் அதற்கு, வெளியே வருகிற கோப்புக்கு முன்னால் எழுதினால் இதற்கு. பிரெஞ்சே தெரியாமல் வந்திறங்கி ஒரு மாதத்தில் ஓடர் துண்டு வாசிக்கப் பழகின சனத்துக்கு இதுவா கஷ்டம்?

ரெலிபோனில் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலாவது, பாத்திரம் வேறு, கறி வேறு. எம்பி4, எம்கேவீ, ஏவிஐ எல்லாம் பாத்திரம். உள்ளே இருக்கிற படமும் சத்தமும்தான் கறி. ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவதற்குக் கறியைத் திரும்பவும் கொதிக்கவைக்கிற விசரன் யாராவது இருக்கிறானா? பட்டன் அநேகமாக அதைத்தான் செய்கிறது. ஹான்ட்பிரேக் நல்ல மென்பொருள், இலவசம், நான் மதிக்கிறேன். ஆனால் அதுவும் படத்தைத் திரும்பச் சமைக்காமல் விடாது. பழைய கம்கோடரில் எடுத்த எம்டிஎஸ் கோப்பை உங்கள் ரீவீ எடுக்கவில்லையா? எஃப்எஃப்எம்பெக், சிறுகோடு ஐ, பழைய கோப்பின் பெயர், சிறுகோடு சீ, கொப்பி, புதுக் கோப்பின் பெயர் கடைசியில் டொட் எம்கேவீ. அவ்வளவுதான். ஒரு மணித்தியாலப் படம் தேத்தண்ணி ஊற்றுவதற்குள் முடியும். படத்திலும் சத்தத்திலும் ஒரு புள்ளிகூடக் குறையாது.

இரண்டாவது, கட்டாயம் சமைக்கத்தான் வேண்டுமென்றால் உப்புப் பார்த்துச் சமையுங்கள். சிறுகோடு எஸ்எஸ் என்றால் எங்கே இருந்து, சிறுகோடு ரீ என்றால் எவ்வளவு நேரம். பத்தாவது நிமிசத்தில் இருந்து 60 செக்கனை மட்டும் மாற்றிப் பாருங்கள். சரியென்றால் முழுவதையும் ஏற்றுங்கள்.

மூன்றாவது, அந்தச் சீப்புப் பல்லு. ஊரில் எடுத்த வீடியோ பால் முறை. செக்கனுக்கு 25 பிரேம், ஒவ்வொரு பிரேமும் இரண்டு அரைப்படம், ஆக 50. பழைய ரீவீ அதை ஒன்றுவிட்ட கோடாய்க் காட்டும். கொம்பியூட்டர் இரண்டு அரையையும் ஒன்றாய் ஒட்டுவதால்தான் பல்லு. சிறுகோடு வீஎஃப், யாடிஃப் சமன் 1 என்று எழுதினால் ஒவ்வொரு அரைப்படமும் ஒரு முழுப்படமாகி, 50 ஆய், ஆடுகிறவர்கள் ஆடுகிறமாதிரியே ஆடுவார்கள். சிறுகோடு ஆஸ்பெக்ட், 4:3 என்றால் மாப்பிள்ளை மெலிந்துவிடுவார்.

நாலாவது, தரம். எக்ஸ்264 இல் சிறுகோடு சீஆர்எஃப் என்று ஒரு எண் இருக்கிறது. 0 இல் இருந்து 51 வரை. குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். சொல்லாவிட்டால் 23. குடும்பப் படத்துக்கு நான் 18 போடுவேன். சிறுகோடு பிரீசெற், ஸ்லோ என்றால் ஆறுதலாய்ச் செய்யும். இரவு விட்டுவிட்டுப் படுங்கள்.

இதெல்லாம் பார்க்கிறதுக்கு. வைத்திருக்கிறதுக்கு வேறு. கசற்றில் இருந்து பிடித்த கோப்பு டிவி முறையென்றால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி வரும். "ஐயோ பெரிசு" என்று அழிக்காதீர்கள். கடைக்குக் கொடுத்து மாற்றினாலும் டிவிடியோடு திருப்திப்படாமல், பிடித்த கோப்பை அப்படியே ஹாட்டிஸ்க்கில் போட்டுத் தரச்சொல்லிக் கேளுங்கள். காசு கொடுக்கிறது நீங்கள். ஆவணக் காப்பகங்கள் பாவிக்கிற எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத முறையும் இதே எஃப்எஃப்எம்பெக்குக்குள் பிறந்ததுதான். அதன் வரையறை 2021 இல் ஆர்எஃப்சி 9043 ஆக வெளிவந்தது. பெரிய நாடுகளின் காப்பகத்துக்குக் கிடைக்கிற அதே ஆயுதம் எங்களுக்கும் சும்மா கிடைக்கிறது. நாங்கள்தான் தொடமாட்டோம் என்கிறோம்.

இனி வழக்கமான சாட்டுகள்.

"யூரியூப்பில ஏத்தி வைச்சிருக்கிறம்." யூரியூப் நீங்கள் கொடுத்ததைத் தன் பாட்டுக்கு நசுக்கித்தான் காட்டும். திரும்ப இறக்கினால் வருவது நீங்கள் ஏற்றியது இல்லை. வட்ஸ்அப் அதைவிட மோசம்.

"இன்ரநெற்றில மாத்துற பக்கம் இருக்குத்தானே." இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவனின் சேர்வருக்கு உங்கள் வீட்டுக் கோப்பை அனுப்புகிறீர்கள். அந்த வீடியோவில் இருக்கிற முகங்களில் சில இன்னும் ஊரில் வாழுகிற முகங்கள். அகதி வழக்குக்குக் கொடுக்கிற ஒவ்வொரு துண்டுக் காகிதத்தையும் பத்துத்தரம் யோசித்துக் கொடுத்த சனம், இதை யோசிக்காமல் கொடுக்கிறது. எஃப்எஃப்எம்பெக் உங்கள் மேசையிலேயே வேலை செய்கிறது. கோப்பு வீட்டைவிட்டு வெளியே போகாது.

"பிள்ளை பார்ப்பான்." பிள்ளைக்குப் போன் தெரியும். கசற்றில் வருகிற வெள்ளைச் சேலை உடுத்த ஆச்சி யாரென்று தெரியாது. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று உங்களுக்குத்தான் தெரியும். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி இரண்டு பேருமாய் எழுதுங்கள். ஆச்சியின் கதையும் அவனுக்குப் போய்ச்சேரும்.

"நேரமில்லை." சரியாய் வந்த கட்டளையை ஒரு ரெக்ஸ்ற் கோப்பில் எழுதி, படத்தோடு அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். அதுதான் செய்முறைக் குறிப்பு. அடுத்த 40 கசற்றுக்கும் அதே வரிதான், பெயரை மட்டும் மாற்றவேண்டும். பத்து வருசம் கழித்தும் என்ன செய்தோம் என்று வாசிக்கலாம். பட்டன் எந்தக் குறிப்பும் விட்டுவைக்காது.

ஒரேயொரு எச்சரிக்கை. எங்கேயாவது கண்ட கட்டளையில் சிறுகோடு வை என்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அது ஏற்கெனவே இருக்கிற கோப்பின் மேல் கேட்காமலே எழுதிவிடும். பதிலுக்குச் சிறுகோடு என் போடுங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகும் பட்டன்தான் வேண்டுமென்றால் அமத்துங்கள். உங்கள் விருப்பம். ஆனால் கசற்றை எறியாதீர்கள். பெட்டியில் பெயரும் வருசமும் எழுதி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். கட்டளை எழுதத் தெரிந்த ஒரு பெடியனோ பெட்டையோ எங்கட சனத்தில் நாளைக்கு வரும். அதன் கையில் கொடுக்க ஏதாவது மிஞ்சியிருக்கட்டும்.