கணனித் திரையில் ஓடும் நீரும் கடைக்கோடிக் குழாயும்

வீட்டில் குழாய் இருந்தும் நாள் முழுவதும் அதில் நீர் வராத மக்கள் உலகில் ஏறத்தாழ 100 கோடி பேர் என ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். இவர்களில் கணிசமானோர் தெற்காசிய நகரங்களில் வாழ்பவர்கள். சில மணி நேரமே நீர் திறக்கப்படும் நகரங்களில் மேட்டுப் பகுதிகளிலும் குழாய்வழியின் கடைசியிலும் குடியிருப்போருக்கு அந்தச் சில மணி நேரங்கூட முழுமையாகக் கிடைப்பதில்லை. அதிகாரிகளிடம் முறையிட்டால், கணக்கீடுகளின்படி எல்லோருக்கும் நீர் சென்றடைகிறது என்பதே பெரும்பாலும் பதிலாக அமைகின்றது. அந்தக் கணக்கீடுகள் எதனை அடிப்படையாகக் கொண்டவை என்பதை நாம் கேட்டறிய வேண்டியுள்ளது.

நகர நீர்வழங்கல் வலையமைப்புகளைக் கணனியில் மாதிரியாக்குவதற்கு உலகெங்கும் மிகப் பரவலாகப் பயன்படுவது இபாநெட் எனும் மென்பொருளாகும். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரம் 1993 ஆம் ஆண்டு அதனை வெளியிட்டது. இலவசமாகக் கிடைப்பதால் வறிய நாடுகளின் பொறியியலாளர்களுக்கும் அது கைகொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அது 24 மணி நேரமும் குழாய்கள் நிரம்பியிருக்கும் நகரங்களை மனதிற்கொண்டு உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு நீர் தேவை என்பதை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், அழுத்தம் எவ்வாறிருந்தாலும் அந்தளவு நீர் வெளியேறுவதாகவே அது எடுத்துக்கொண்டது.

விட்டுவிட்டு நீர் வழங்கப்படும் நகரங்களில் நடப்பதோ வேறு. குழாய் திறக்கப்பட்டதும் முதலில் வெளியேறுவது காற்று. வெறுமையான குழாய்கள் நிரம்புவதற்கே நேரம் பிடிக்கின்றது. அடுத்த முறை எப்போது வருமென்ற நிச்சயமில்லாததால் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்து தொட்டிகளை நிரப்புகின்றன. வசதியுள்ளவர்கள் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொள்கின்றனர். நாள் முழுவதற்குமான நீரை 2 மணி நேரத்தில் எடுத்தால் சராசரிப் பாய்ச்சல் 12 மடங்காகின்றது. உச்சத் தேவையைச் சராசரியின் 2 அல்லது 3 மடங்காகக் கொண்டு அமைக்கப்பட்ட குழாய்கள் இதனை எவ்வாறு தாங்கும்? அழுத்தம் சரிந்துவிட, தாங்கிக்கு அருகிலுள்ளவர் நிரம்பப் பெறுகிறார். கடைசியிலுள்ளவர் வாளியுடன் காத்திருக்கிறார். கணனித் திரையில் மட்டும் இருவருக்கும் சமமாக நீர் ஓடிக்கொண்டிருக்கும்.

இக்குறையைத் துறைசார்ந்தோர் அறியாமலில்லை. கொழும்பைத் தளமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தில் பிரதிப் பணிப்பாளர் நாயகமாகப் பணியாற்றிய கலாநிதி கலாநிதி வைரவமூர்த்தி (பட்டமும் பெயரும் ஒன்றாகவே அமைந்துவிட்டன), 1990 களிலேயே இத்தகைய வலையமைப்புகளுக்கெனத் தனியான வடிவமைப்பு முறை வேண்டுமென ஆய்வு செய்தவர். அழுத்தத்துக்கு ஏற்பவே நீர் கிடைக்கும் என்ற கணிப்பு முறை இபாநெட்டின் 2.2 ஆம் பதிப்பில் 2020 இலேயே சேர்க்கப்பட்டது. வெறுங்குழாய் நிரம்பும் கட்டத்தைக் கணிப்பதற்கு மழைநீர் வடிகால்களுக்கான மென்பொருளைச் சில ஆய்வாளர்கள் கையாண்டுள்ளனர். குழாய்நீருக்கு வடிகால் கணக்கு! நிலைமையை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

இது வெறும் பொறியியல் விவகாரமல்ல என்பதற்குக் கர்நாடக மாநிலத்தின் ஹூப்ளி-தார்வாட் சாட்சி. உலக வங்கியின் கடனுதவியுடன் அந்நகரின் சில வலயங்களில் மாத்திரம் 24 மணிநேர விநியோகம் ஆரம்பிக்கப்பட்டது. ஏனைய பகுதிகளுக்குச் சில நாட்களுக்கு ஒரு தடவையே நீர் வந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2013 இல் வெளியான ஆய்வொன்றின்படி, விட்டுவிட்டு வழங்கப்பட்ட பகுதிகளின் குழாய்நீர் மாதிரிகளில் 31.7 சதவீதத்தில் மலக்கழிவு மாசைக் காட்டும் ஈ.கோலி பக்ரீறியா காணப்பட்டது. தொடர் விநியோகப் பகுதிகளில் 0.7 சதவீதம் மாத்திரமே. அழுத்தமற்ற குழாய்க்குள் வெடிப்புகளினூடாகச் சுற்றியுள்ள அழுக்குநீர் புகுவது இதற்கான காரணங்களில் ஒன்று. ஏறத்தாழ 4,000 குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2015 இல் வெளியான மற்றோர் ஆய்வில், தொடர் விநியோகப் பகுதிகளில் நெருப்புக்காய்ச்சல் குறைந்திருந்தது. அதேவேளை, சிறுவர்களின் வயிற்றோட்டத்தில் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எந்த வால்வை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் திறப்பது என்பது இத்தகைய நகரங்களில் வால்வு திறக்கும் ஊழியர்களின் கைகளிலேயே தங்கியுள்ளது. எந்தத் தெருவுக்கு நீர் ஏறாது என்பதை அவர்கள் அறிவர். அவர்களிடம் கேட்காமல் அலுவலகத்தில் தயாரிக்கப்படும் மாதிரி எவ்வளவு நுட்பமானதாயினும் அரைகுறையானதே என்பது எமது கருத்து. நேரத்தைக் குறைத்து நீரை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணமும் மறுபரிசீலனைக்குரியது. சைப்பிரஸின் லிமசோல் நகரில் 2008 ஆம் ஆண்டு வரட்சியின்போது விநியோகம் மட்டுப்படுத்தப்பட்ட பின்னர் குழாய் வெடிப்புகள் பெருமளவு அதிகரித்தன.

எமது நாட்டிலும் இவ்விடயம் கவனிக்கப்பட வேண்டியதே. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுடைய தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. உப்பகற்றப்பட்ட அந்த நீர் பெரும் செலவில் கிடைப்பது. அதனை யாழ். குடாநாட்டின் குழாய்களில் பகிரும்போது, எந்தப் பகுதிக்கு எத்தனை மணி நேரம், எந்த அழுத்தத்தில் வழங்கத் திட்டமிடப்பட்டுள்ளது என்பதை நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை பகுதி வாரியாக வெளியிட வேண்டும். அத்துடன், அழுத்தமானிகளைத் தாங்கியின் அடியில் மட்டுமன்றி ஒவ்வொரு வழியின் கடைசி வீட்டருகிலும் பொருத்தி, அவை காட்டும் அளவீடுகளைக் கணிப்புகளுக்கு அருகில் வைத்துப் பாவனையாளர்களுக்கும் காட்ட வேண்டும்.