இராமானுஜன் தவறவிட்ட எண்

1729 என்றாலே இராமானுஜன் என்று நம் பள்ளி மேடைகளில் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது 293,318,625,600. அவர் தவறவிட்ட எண்!

12க்கு 6 காரணிகள்; அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இத்தகைய எண்களை, கணினி இல்லாத 1915இல், 6,746,328,388,800 வரை பட்டியலிட்டார் இராமானுஜன். அந்தக் கடைசி எண்ணுக்குக் காரணிகள் 10,080. அதை 23ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் விடுபட்ட எண். காரணிகள் சரிபாதி, 5,040. இவ்வளவு அருகில் இருந்தும் நழுவியிருக்கிறது.

அதற்காக அக்கட்டுரையை யாரும் ஒதுக்கிவிடவில்லை. ஜொகூர் பாருவில் நான் பார்க்கும் ஐந்தாம் படிவ மாணவர்களோ, கூடுதல் கணிதத்தில் ஒரு வரி பிசகினால் தாளையே கசக்கிவிடுகிறார்கள். மேடையில் 1729உடன் இந்த எண்ணையும் சொல்ல வேண்டும் என்பேன். சந்தேகம் இருந்தால் 23ஆல் பெருக்கிப் பாருங்கள், கால்குலேட்டர் இல்லாமல்.