துடைப்பதற்கு முன்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபின் மடிக்கணினியை மேம்படுத்துவோர், வட்டை முற்றாக அழித்து இயங்குதளத்தைப் புதிதாக இடும் தூய நிறுவலை நாடுவது சரியே; ஆனால் மலேசியாவின் கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் கோயில் வரலாற்றையும் தமிழ்ப்பள்ளி மலரையும் கணினியில் வைத்திருப்போர் அதில் அவசரப்படலாகாது. ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் உலகப் பொது எண் வழங்கும் ஒருங்குறி பரவுமுன், முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருள் 1985இல் பிறந்த இம்மலேசியாவிலும் தமிழ்க் கோப்புகள் வெவ்வேறு குறியாக்கங்களில் அமைந்தன. அவற்றுக்குரிய எழுத்துரு அழிந்தால், கோப்பு பிழைத்தும் சொற்கள் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஆகவே எழுத்துருக்களை வெளிவட்டில் படியெடுத்து, கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே துடைக்க வேண்டும். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்ட இப்பகுதியில், கலைந்த குடியிருப்புகள் சிலவற்றின் பெயர்கள் அக்கோப்புகளில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.