கொடுத்த பூங்காவும் எடுத்த பூங்காவும்

இலண்டன் சென்று திரும்பிய நண்பர் ஒருவர் கும்மிடிப்பூண்டியில் நம்மைக் கண்டார். கைப்பேசியை எடுத்துப் படம் படமாகக் காட்டினார். பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற புல்வெளி! ஓங்கி வளர்ந்த மரங்கள்! நடுவே நீர்நிலை, அதிலே அன்னங்கள்!

"இதுதான் ஹைட் பார்க். 350 ஏக்கர்! தலைநகரின் நடுவிலே! உள்ளே போகக் காசு கேட்பாரில்லை. அந்த நாட்டு மன்னர்களுக்கு எவ்வளவு பெரிய மனம், பார்த்தீர்களா?" என்றார்.

மன்னர்களின் மனமா! நாம் சிரித்தோம்.

நாம் நின்றது தேநீர்க் கடை வாசல். இரவு ஷிப்டு முடித்து வந்த தொழிலாளத் தோழர்கள் சாலையோரத்தில் குந்தியிருந்தனர். உட்கார வேறு இடமில்லை. போகிற லாரி ஒவ்வொன்றும் ஒரு பிடி புழுதியை அவர்தம் தேநீரிலே தூவிவிட்டுப் போயிற்று. அவர்களும் அந்தப் படத்தைப் பார்த்தனர். ஒருவர் கேட்டார்: "அண்ணே, இதிலே நம்மளைப் போல ஆளுங்க போய் உட்காரலாமா?"

அந்தக் கேள்விக்கு அங்கேயே ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு நிற்கிறது.

ஹைட் பார்க்கின் கதை என்ன? 1536இல் எட்டாம் ஹென்றி என்ற மன்னன், மடத்துத் துறவிகளிடமிருந்து அந்த நிலத்தைப் பிடுங்கினான். ஏன்? ஏழைகள் காற்று வாங்கவா? இல்லை, தான் மான் வேட்டையாட! நூறாண்டு கழிந்தது. 1637இல் முதலாம் சார்லஸ் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டான். சீமான்கள் கோச்சு வண்டியிலே பவனி வந்தனர். உலவலாம், காற்று வாங்கலாம். ஆனால் கூடலாமா? பேசலாமா? உரிமை கேட்கலாமா? கூடாது என்றது ஆட்சி.

1866 ஜூலை 23. வாக்குரிமை கேட்டுத் தொழிலாளர் அணி அணியாய் ஹைட் பார்க் நோக்கி வந்தனர். உழைக்கிறவனுக்கு ஓட்டு இல்லாத காலம் அது. கூட்டத்துக்குத் தடை விதித்தனர். வாயிற்கதவைப் பூட்டினர். போலீசை நிறுத்தினர். மக்கள் வெள்ளம் மோதிற்று. இரும்பு வேலி ஆடிற்று, சாய்ந்தது, வீழ்ந்தது! மக்கள் உள்ளே புகுந்தனர். அடுத்த ஆண்டு மே மாதம் மறுபடியும் தடை, மறுபடியும் கூட்டம்! இம்முறை ஆட்சி பின்வாங்கிற்று. உள்துறை அமைச்சர் பதவி விலகினார். 1867இலேயே நகரத் தொழிலாளரில் பலருக்கு வாக்குரிமை தரும் சட்டம் வந்தது. 1872இல் அந்தப் பூங்காவிலே பேசுவதற்குச் சட்டமே இடம் தந்தது. அந்த மூலைக்குத்தான் இன்று 'பேச்சாளர் மூலை' என்று பெயர்.

1890 மே 4. அதே பூங்காவில் எட்டு மணி நேர வேலை கேட்டு இலட்சக்கணக்கான தொழிலாளர் கூடினர். முதியவர் ஏங்கல்ஸ் அந்தக் காட்சியைக் கண்ணாரக் கண்டார். 1908இல் பெண்கள் வாக்குரிமை கேட்டு அங்கேதான் திரண்டனர். மன்னன் தந்தது புல்லும் மரமும். மக்கள் எடுத்துக்கொண்டது உரிமை!

'நமக்கு அப்படி ஒரு பூங்கா இல்லையே' என்று ஏங்குகிறீர்களா? இருந்தது தோழர்களே! நீங்கள் நாள்தோறும் அதன்மேல் நடக்கிறீர்கள்!

கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் வருகிற மின்சார ரயில்கள் சென்னையில் எங்கே போய் நிற்கின்றன? சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட் வளாகத்தில். அந்த மண்ணுக்குப் பழைய பெயர் 'மக்கள் பூங்கா'. 116 ஏக்கர் பரப்பு, 11 குளங்கள்! 1859இல் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் உண்டாக்கியது. கல்கத்தாவிலிருந்த மத்திய ஆட்சி சுமத்தவந்த புது வரியைச் சென்னை தாங்காது என்று பகிரங்கமாக எழுதியதற்காக, 1860லேயே பதவி பறிக்கப்பட்டுத் திரும்ப அழைக்கப்பட்டவர் அவர். கவர்னர் போனார், பூங்கா நின்றது. எத்தனை நாள்?

முதலில் ஒரு துண்டிலே விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. அடுத்த துண்டிலே, 1900இல் மூர் மார்க்கெட். பிறகு மாநகராட்சிக்கு ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டு அரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று; அந்த இடம் ரயிலுக்குப் போயிற்று. நம் பாட்டன்மார் 'உயிர்க் காலேஜ்' என்று அழைத்து, பிள்ளைகளைத் தோளில் சுமந்து சென்று காட்டினார்களே, அந்த மிருகக்காட்சிசாலையும் அங்கேதான் இருந்தது. 1985இல் அது வண்டலூருக்குப் போயிற்று. விலங்குகளுக்கு விசாலமான காடு கிடைத்தது, மகிழ்ச்சி! மனிதனுக்கு என்ன கிடைத்தது? பிளாட்பாரம் கிடைத்தது!

மண்டபம் வேண்டாம், ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தேவையே. ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் ஏழையின் திறந்தவெளிதானா கண்ணில் படவேண்டும்? பெயரிலே மக்கள் இருந்தனர். பூங்காவைக் காக்க மக்கள் எழவில்லை. கொடுத்த பூங்கா போயிற்று. எடுத்த பூங்கா நிற்கிறது. இதுதான் இரண்டு நகரங்கள் நமக்குச் சொல்லும் பாடம்.

சென்ட்ரலில் இறங்கிக் கூவத்தைத் தாண்டினால் சிந்தாதிரிப்பேட்டை. அங்கே நேப்பியர் என்ற கவர்னர் பெயரால் ஒரு பூங்கா இருந்தது. கலைஞர் ஆட்சியில் அது 'மே தினப் பூங்கா' ஆயிற்று. சென்ற வாரம் கும்மிடிப்பூண்டித் தோழர்கள் சிலரோடு அங்கே சென்றோம். நினைவுச் சின்னத்தின் எதிரே நின்றோம். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நடத்திய இந்தியாவின் முதல் மே தினத்தை எண்ணிக்கொண்டோம். 2023 ஏப்ரலில், வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட வழி செய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, தோழமைக் கட்சிகள் எதிர்த்தன. மே 1 அன்று அதே பூங்காவில் நின்றுதான், திருத்தம் திரும்பப் பெறப்பட்டது என்று முதலமைச்சர் அறிவித்தார். கூடினோம், கேட்டோம், கிடைத்தது!

"கூலி உயர்வு இல்லை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரம் இல்லை. இந்த நிலையில் பூங்கா ஒரு கேடா?" என்று கேட்போர் உண்டு. நாம் திருப்பிக் கேட்கிறோம்: கூலி கேட்க எங்கே கூடுவீர்? ஆலைக்குள் பேசினால் மேஸ்திரி முறைப்பான். வாயிலில் நின்றால் காவலாளி விரட்டுவான். பத்துப் பேர் தங்கும் ஓர் அறையில் படுக்கவே இடமில்லை. பேச ஏது இடம்? உட்கார இடமில்லாதவன் ஒன்றுசேர முடியாது. ஒன்றுசேராதவன் ஒருநாளும் கேட்க முடியாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, திருவள்ளூரை அடுத்த காக்களூர் எங்கும் ஆலைக்கு இடமுண்டு, கிடங்குக்கு இடமுண்டு, லாரி நிறுத்த இடமுண்டு. அங்கே வியர்வை சிந்துகிறவன் மாலையில் மனைவி மக்களோடு உட்கார இடம் எங்கே? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை போக எங்கே இடம்? ஈழத்திலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமிலே வளரும் குழந்தை பந்து விளையாட எங்கே இடம்?

சட்டம் இருக்கிறது தோழர்களே! தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுவோர், சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைப் பொதுப் பயனுக்காக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும். நம் ஊர்களிலே எத்தனை மனைப்பிரிவுகள் முளைத்தன! அந்தப் பத்து விழுக்காடு எங்கே? புல் முளைத்திருக்கிறதா, சுவர் முளைத்திருக்கிறதா? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். பேரூராட்சி மன்றத்தின் கதவைத் தட்டுங்கள். மே 1, ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாள். 'எங்கள் ஊருக்கு ஒரு தொழிலாளர் பூங்கா' என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். ஆட்சி யாருடையதாயினும் கேளுங்கள். ஆட்சியிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

தேநீர்க் கடைத் தோழரே! ஹைட் பார்க்கில் உம்மைப் போன்றவன் உட்காரலாம். 1866இல் உம்மைப் போன்றவன்தான் அதன் வேலியைச் சாய்த்தான். கும்மிடிப்பூண்டியில் சாய்க்க வேலிகூட இல்லை. முதலில் பூங்கா வேண்டும். நீர் கேட்டால்தான் அது வரும். நீர் காத்தால்தான் அது நிற்கும்!