விற்பது தப்பில்லை தம்பி, ஆனால்...

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னை 45 நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நம் பழைய மாணவன் ஒருவன் தவறிவிட்டான். பெயர் வேண்டாம், தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். காலை 6 மணிக்கே அவன் வகுப்புத் தோழன் நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருக்கிறான். மாலை 4 மணிக்கு எடுத்துவிட்டார்கள். நான் அந்தச் செய்தியைப் பார்த்தது இரவு 9 மணிக்கு. அந்தக் குழுவை நான் மியூட்டில் போட்டு நாலு மாதம் ஆகிவிட்டது. திறந்து பார்த்தால், செய்திக்கு மேலே ஒரு மனை விளம்பரம். கீழே உடம்பு இளைக்க ஒரு பவுடர். அதற்கும் கீழே அதே மனை விளம்பரம், வேறு கலரில். நடுவில் என் பையனின் போட்டோ.

மறுநாள் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் வருவாகன்னு கொஞ்ச நேரம் வச்சிருந்தோம்" என்றார். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

யார்மேலும் பழி போட இதை எழுதவில்லை. மியூட்டில் போட்டது நான்தான். ஆனால் ஏன் போட்டேன் என்று யோசித்ததில் சில விஷயங்கள் தோன்றின. சொந்தத் தொழில் செய்கிற பிள்ளைகள் உங்களில் நிறையப் பேர். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மனை விளம்பரம் போட்டவனும் என் மாணவன்தான். போன் செய்தேன். திட்டப்போகிறேன் என்று நினைத்தான் போல, குரலே எழும்பவில்லை. "சார், மாசம் ரெண்டு மனையாவது முடிச்சாத்தான் வீட்டு வாடகை, புள்ள ஃபீஸ் எல்லாம். நூறு குரூப்புல போடுங்கிறாங்க. தெரிஞ்சவங்ககிட்டதானே சார் முதல்ல கேட்க முடியும்?" என்றான்.

அவன் கேட்டது நியாயம். பேப்பரில் விளம்பரம் கொடுக்க அவனிடம் பணம் இல்லை. மெயின் ரோட்டில் கடை இல்லை. கையில் இருக்கிற போன்தான் அவனுக்குக் கடை. தெரிந்தவர்களிடம் விற்பது கேவலம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் ஊர் மளிகைக்கடை, தையல்கடை எல்லாமே தெரிந்தவர்களை நம்பித்தான் நடந்தன. ஆனால் அந்த மளிகைக்கடைக்காரர் நம் வீட்டுத் துக்கத்துக்கு வந்து பருப்பு விலை சொன்னதில்லை.

கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு கணக்கு. நம் குழுவில் 200 பேர். ஒரு விளம்பரத்தைத் திறந்து, பார்த்து, தள்ளிவிட ஒருவருக்கு 10 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2000 விநாடி, அதாவது அரை மணி நேரத்துக்கும் மேலே. ஒரு நாளைக்கு நாலு விளம்பரம் என்றால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அனுப்பினவனுக்கு ஆன செலவு ஒரு விநாடி. செலவை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு லாபத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளப் பார்ப்பதால்தான் எரிச்சல் வருகிறது. வள்ளுவர் வாணிகம் பற்றிய குறளைப் பொருள் தேடும் அதிகாரத்தில் வைக்கவில்லை, நடுவு நிலைமையில் வைத்தார். அடுத்தவன் பொருளையும் நம் பொருளைப் போலப் பார்க்கச் சொன்னார். இந்தக் காலத்தில் அடுத்தவன் நேரமும் ஒரு பொருள்தான்.

உறவினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடம் பேசாதிருந்த சொந்தக்காரப் பெண் ஒருநாள் போன் செய்தாள். "மாமா, சுகர் எவ்வளவு இருக்கு? கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. மூன்றாவது நிமிடம் ஒரு சத்துமாவு டப்பாவின் விலை வந்தது. டப்பா வாங்கவில்லை என்பது பெரிதில்லை. அதற்கு முன்னால் கேட்ட இரண்டு நிமிட நலமும் பொய்யாகிப் போனதே, அதுதான் வருத்தம். இப்போது யார் நலம் விசாரித்தாலும், இவர் என்ன விற்கப்போகிறார் என்று தோன்றுகிறது. அம்மா, "மாமா, ஒரு வியாபாரம் ஆரம்பிச்சிருக்கேன், ரெண்டு நிமிஷம் சொல்லட்டுமா?" என்று நேரடியாகக் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கேட்டிருப்பேன்.

நம் ஊரில் மொய் நோட்டு இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்பது அதில் இருக்கும். யார் வீட்டுக்கும் போகாதவன், தன் வீட்டு விசேஷத்துக்கு ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தால் பந்தல் காலியாகத்தான் கிடக்கும். குழுவில் ஒருவர் மகள் பாஸான செய்திக்கு ஒரு வாழ்த்து சொல்லாமல், ரத்தம் தேவை என்றபோது கண்டுகொள்ளாமல், தன் விளம்பரத்தோடு மட்டும் வருகிறவன் அந்த ஆள்தான்.

சரியாகச் செய்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் மாணவி ஒருத்தி மரச்செக்கு போட்டிருக்கிறாள். இதுவரை எந்தக் குழுவிலும் அவள் விளம்பரம் போட்டு நான் பார்த்ததில்லை. எள் காய வைப்பதையும் செக்கு ஓடுவதையும் தன் ஸ்டேட்டஸில் வைப்பாள். வேண்டியவர்கள் பார்ப்பார்கள், வேண்டாதவர்கள் தாண்டிப் போவார்கள், 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். நல்லெண்ணெய் ஏன் அடியில் கசடு தங்குகிறது என்று யாராவது கேட்டால் பொறுமையாகப் பதில் எழுதுவாள். போன தீபாவளிக்கு அவளிடம் எண்ணெய் கேட்டு நான்தான் போன் செய்தேன். வாங்கின பிறகும், "எண்ணெய் எப்படி சார் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் ரெண்டு லிட்டர் வேணுமா என்று கேட்கவில்லை.

வாட்ஸ்அப்பின் அமைப்பே நமக்குச் சில பாடம் சொல்கிறது. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஒருவர் உங்கள் எண்ணைச் சேமிக்க வேண்டும் என்றால் உங்களால் அவருக்கு ஏதோ பயன் இருக்க வேண்டும். கேட்காமல் குழுவில் சேர்க்கிற தொல்லையைத் தடுக்க 2019 முதல் செட்டிங்கிலேயே வழி கொடுத்துவிட்டார்கள். பலர் சேர்ந்து பிளாக் செய்து ரிப்போர்ட்டும் செய்தால் உங்கள் எண்ணே முடங்கிப்போகலாம். சிறு கடைக்காரருக்கு அது கடைக்கே பூட்டு போட்ட மாதிரி. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருளும் விலையும் படத்தோடு அடுக்கிவைக்க கேட்டலாக் இருக்கிறது. கேட்கிறவருக்கு அதன் இணைப்பை அனுப்பினால் போதும்.

மனை விற்கும் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: "உன் மனையை விடு. மனை வாங்குகிறவன் எதில் ஏமாறுகிறான் என்று உனக்குத் தெரியுமே, அதை எழுது."

எழுதினான். மூலப்பத்திரம் எதற்குப் பார்க்க வேண்டும், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை நாமே எப்படிப் பார்ப்பது, பட்டாவை எப்படிச் சரிபார்ப்பது, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண் ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கம். கடைசியில் தன் பெயர், "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று ஒரு வரி. மனை விலை இல்லை, இலவசத் தங்கக்காசு இல்லை.

ஒன்பது பேர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் வேறு ஒருவரிடம் வாங்கப்போகிற மனையின் பத்திரத்தைப் பார்த்துச் சொல்லக் கேட்க, இவனும் போய்ப் பார்த்துக் கொடுத்திருக்கிறான். மனை விற்றதா என்றால், இன்றுவரை ஒன்றுகூட இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. இந்த வழி மெதுவாகத்தான் போகும், மாதக் கடைசியில் வாடகை கேட்டு நிற்கிறவனுக்கு அது பெரிய கஷ்டம். ஆனால் நூறு குரூப்பில் போட்டபோதும் ஒரு மனையும் விற்கவில்லை என்று அவனே சொன்னான். அன்று கிடைத்தது மியூட். இன்று ஒன்பது பேர் போனில் அவன் எண் இருக்கிறது.

என் பங்குத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் பூப்படம் போட்ட குட்மார்னிங்கை எட்டுக் குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். விற்க ஒன்றுமில்லை என்பதால் அது தொல்லை இல்லை என்று நினைத்திருந்தேன். பத்து விநாடிக் கணக்கு எனக்கும்தான் என்று புரிந்து நிறுத்திவிட்டேன்.

இப்போது ஒரு வேண்டுகோள். "நல்லது கெட்டது" என்று ஒரு குழு ஆரம்பித்திருக்கிறேன். பிறப்பு, கல்யாணம், இறப்பு, அவசர உதவி மட்டும். அட்மின்கள் மட்டுமே செய்தி போட முடியும். மூன்று பேர் அட்மின், செய்தியை அவர்களிடம் சொன்னால் போதும். தொழில் செய்கிறவர்களுக்கு "நம்ம சந்தை" என்று இன்னொரு குழு. தாராளமாக விற்கலாம், வாங்கலாம், ஒரு தொழிலுக்கு வாரம் ஒரு பதிவு. இரண்டிலும் யாரையும் நான் சேர்க்க மாட்டேன். இணைப்பு கமெண்டில் இருக்கிறது, விரும்பினால் நீங்களே வாருங்கள்.

சந்தையில் சேர்கிற முதல் ஆள் நான்தான். நல்லெண்ணெய் தீரப்போகிறது.

முதல் குழுவை மட்டும் தயவுசெய்து யாரும் மியூட்டில் போடாதீர்கள். இன்னொரு அம்மாவிடம் நாம் யாரும் பதில் இல்லாமல் நிற்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்