பத்தாவதுக்குப் பிறகு?

காரைக்குடிக்கு நான் போனது கண்டாங்கிச் சேலை வாங்கத்தான். சேலையும் வாங்கினேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகு மனத்தில் நின்றது சேலையல்ல, ஒரு தாயின் கேள்வி.

நான் தங்கியிருந்த சிநேகிதியின் வீட்டில் கல்யாணத்துக்காகப் பெயிண்ட் அடித்துக் கொண்டிருந்தார்கள். ஏணி மேல் பதினாறு வயதுப் பையன் ஒருவன். மத்தியானம் தூக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டு வந்தாள் அவன் தாய். பேச்சில் இலங்கைத் தமிழ். எட்டு வயதில், 1990-ஆம் வருஷம், படகேறி வந்தவளாம். மண்டபம் முகாமில் இறங்கி, பிறகு இந்த ஜில்லா முகாமுக்கு வந்தாளாம். பையன் இங்கேயே பிறந்தவன்.

"பத்தாவது பாஸாகி விட்டானே, மேலே படிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"படிச்சு என்ன செய்யிறது, தங்கச்சி? எங்கட ஆட்களிலை பட்டம் எடுத்தவங்களும் பெயிண்ட்தான் அடிக்கிறாங்கள்!" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னது பொய்யல்லவே! இந்தியப் பிரஜை அல்லாதவனுக்கு சர்க்கார் உத்தியோகம் சுலபமாகக் கிடைக்காது. 2019-ஆம் வருஷத்துக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை.

அவன் வர்ணம் பூசிக் கொண்டிருந்த கதவைப் பார்த்தேன். பர்மாத் தேக்கு! செட்டிநாடே கடல் கடந்து பிழைத்த சீமைதான். 1942-ல் யுத்தத்துக்குப் பயந்து பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தவர்களின் கதையைப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். 1964-ல் அங்கே கடைகளெல்லாம் தேசியமயமானதும் இன்னொரு கூட்டம் வெறுங்கையோடு திரும்பியது. காரைக்குடியிலேயே பர்மா காலனி என்று ஒரு பகுதி உண்டு. வந்தவர்களைத் தூக்கிவிடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

படிப்புக்கும் இங்கே குறைவில்லை. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை இந்த ஊருக்கு வரவழைத்தவர் அழகப்பச் செட்டியார். ஊரை அடுத்த அமராவதிபுதூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ., இருக்கிறது. பையனுக்கு அது தெரியும். ஆனால் அதன் வாசற்படி ஏறியதில்லை.

ஐ.டி.ஐ. என்றால் என்ன? பதினாலு வயது நிறைந்தால் சேரலாம். வெல்டர் வேலைக்கு எட்டாவது போதும். ஒரு வருஷப் படிப்பு. எலெக்ட்ரீஷியன், பிட்டர் வேலைகளுக்குப் பத்தாவது வேண்டும், இரண்டு வருஷம். அரசினர் நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித் தொகையும், சைக்கிளும், பஸ் பாஸும் உண்டு. முடித்த பிறகு 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிற்சாலையில் சம்பளத்தோடு பழகலாம். இரண்டு வருஷம் படித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியிருக்கிறது. பெண்களுக்கோ வயது வரம்பே இல்லை. தையல்தான் என்றில்லை, எலெக்ட்ரீஷியனும் ஆகலாம்!

முகாம் பிள்ளைகளைச் சர்க்காரும் மறந்து விடவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகளோடு, 5,000 இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியும் சேர்ந்திருந்தது.

அப்படியானால் தடை எங்கே? முதல் தடை கூலி. இன்றைக்குக் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு இரண்டு வருஷம் காத்திருக்க ஏழைக் குடும்பத்தால் முடியுமா? இரண்டாவது தடை காகிதம். மனுவை ஆன்லைனில் போட வேண்டும். பள்ளிச் சர்ட்டிபிகேட், முகாம் அடையாள அட்டை, ஆதார், எது எங்கே செல்லும் என்று சொல்ல ஆள் வேண்டும். மூன்றாவது தடைதான் பெரியது: "நமக்கு எதற்கு?" என்ற எண்ணம்.

இதை என் சிநேகிதி ஒரே பேச்சில் உடைத்தாள். "அக்கா, உங்கள் மகன் நாளைக்கு இங்கேயே இருந்தாலும் சரி, இலங்கைக்கே போனாலும் சரி, கைத்தொழிலைப் பறிமுதல் செய்ய எந்தச் சர்க்காராலும் முடியாது. இந்த வீட்டுக்கே எலெக்ட்ரீஷியன் கிடைக்காமல் பத்து நாளாக அலைகிறேன்!" என்றாள்.

ஏணி மேலிருந்த பையன் சிரித்து விட்டான். தாய் சிரிக்கவில்லை, யோசித்தாள்.

"திங்கட்கிழமை நானே கூட வருகிறேன். முகாம் பிள்ளைகளுக்கு என்னென்ன சலுகை உண்டென்று பிரின்ஸிபாலிடமே கேட்டு விடுவோம்" என்றாள் சிநேகிதி.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் பெயிண்ட் அடிக்க, மூட்டை தூக்க, இப்படி ஒரு பையன் வருவான். காப்பி கொடுக்கும்போது, "என்ன படித்திருக்கிறாய், தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மனு எழுதத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார். அரை மணி நேர வேலைதான்.

நான் ரயிலுக்குக் கிளம்பும்போது அந்தத் தாய் வாசலில் நின்றாள்.

"ஞாயிற்றுக்கிழமையிலை பெயிண்ட் அடிக்கட்டும், தங்கச்சி. மற்ற நாள் படிக்கட்டும்" என்றாள்.

அவள் கேள்விக்கு அவளே பதில் கண்டுபிடித்து விட்டாள்!