வாசலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறு பெயர்! உங்கள் முதலாளி யார்?



உங்கள் மகனோ மகளோ கிள்ளானிலோ ஷா ஆலாமிலோ எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறாரா? சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். தொழிற்சாலை வாசலில் உள்ள பெயர்தான் அதிலும் இருக்கிறதா? இல்லையென்றால் இதை முழுதாகப் படியுங்கள்.

1970-களில் சுங்கைவே தடையற்ற வாணிப வட்டாரத்தில் தொழிற்சாலைகள் வந்தபோது, தோட்டத்தை விட்டு வந்த நம் பெண்களும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். எலெக்ட்ரானிக் தொழிலாளர்களுக்கு 1988 வரை சங்கமே மறுக்கப்பட்டது. ஆனாலும் முதலாளி யார் என்பதில் சந்தேகம் இருந்ததில்லை.

இன்று? முத்திரை ஒரு நிறுவனத்துடையது. பொருளைச் செய்வது குத்தகை உற்பத்தியாளர். அவருக்கு உதிரிப்பாகம் தருவது சிறிய தொழிற்சாலை. அதற்கு ஆள் தருவது ஏஜெண்டு. "விலையைக் குறை" என்ற நெருக்குதல் மேலிருந்து படிப்படியாக இறங்கித் தொழிலாளியின் சம்பளத்தில் வந்து விழுகிறது. பொறுப்பை ஏற்க மட்டும் எந்தப் படியிலும் ஆள் இல்லை!

2011-இல் நடந்ததைப் பாருங்கள். 31 மியன்மார் தொழிலாளர்களின் புகார்களை வழக்கறிஞர் சார்ல்ஸ் ஹெக்டர் தம் வலைப்பதிவில் எழுதினார். சிலாங்கூரில் இயங்கிய ஆசாஹி கோசெய் நிறுவனம் 1 கோடி வெள்ளி கேட்டு அவர்மீது வழக்குத் தொடுத்தது. அவர்கள் தன் தொழிலாளர்கள் அல்ல, ஆள் விநியோக நிறுவனத்தின் ஆட்கள் என்றது. அதே ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

"வெளிநாட்டுக்காரன் பிரச்சினை நமக்கென்ன?" என்கிறீர்களா? நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய கங்காணியை மறந்துவிட்டோமா? தோட்ட முதலாளிக்கு ஆள் பிடித்துத் தந்து, தலைக்காசு வாங்கியவர் அவர். இன்று அந்த வேலையை ஏஜெண்டு செய்கிறார். கங்காணி காலத்தில்கூட தோட்டம் யாருடையது என்று தொழிலாளிக்குத் தெரியும்!

சட்டம் என்ன சொல்கிறது? 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி, வேலையைக் குத்தகைக்கு விட்டவரும் குத்தகையாளர் தராத சம்பளத்துக்குப் பொறுப்பு. பொதுவாக மூன்று மாதச் சம்பளம் வரை. ஆனால், "வேலையைக் குத்தகைக்கு விடவில்லை, ஆளைத்தான் வாங்கினோம்" என்று தொழிற்சாலை வாதாட இடமிருக்கிறது.

2023 ஜனவரி 1 முதல் 101சி பிரிவு வந்தது. வேலையையும் நேரத்தையும் கட்டுப்படுத்துபவரே முதலாளி என்று ஊகிக்க அது வழிசெய்கிறது. ஆனால் எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாதபோதுதான்! ஏஜெண்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால்?

ஆகவே நம் கோரிக்கை ஒன்றே: ஆளை யார் அனுப்பினாலும், வேலை வாங்கும் தொழிற்சாலையும் சட்டப்படி முதலாளியாக வேண்டும்.

அதுவரை சம்பளச் சீட்டு, வேலை அட்டவணை, சூப்பர்வைசர் அனுப்பும் தகவல்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சம்பளம் வராவிட்டால் ஏஜெண்டிடம் நடையாய் நடந்து நாளைக் கடத்தாதீர்கள். தொழிற்சாலைமீதும் நடவடிக்கை எடுக்க 90 நாள்தான் கெடு. உடனே தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். வேலையை விட்டு நீக்கினால் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்யுங்கள்.

இன்றிரவே அந்தச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.